தானே ஆடும் சூதாட்டம்: "ஸ்கிரிப்ட்" வாங்கினால் பணம் கொட்டுமா?

மைசூர் மண்டி மொஹல்லாவில் மூட்டை இறக்குகிறவர் முதல் கடையில் கணக்கு எழுதுகிறவர் வரை செல்போன் இல்லாத கை இல்லை. அந்தச் செல்போனுக்குள் இப்போது ஓர் ஆசை வார்த்தை வந்து சேருகிறது. அதுவும் சுத்தமான தமிழில்! "நீங்கள் ஆட வேண்டாம். எங்கள் ஸ்கிரிப்ட் உங்களுக்காக ஆடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் கணக்கில் பணம் ஏறியிருக்கும்."

வேறு மாநிலத்தில் பிழைப்பு. சுற்றிலும் கன்னடமும் உருதுவும். அந்த இடத்தில் ஒருவன் "அண்ணே, நான் மதுரைப் பக்கம்தான்" என்று தமிழில் பேசினால் மனம் இளகாதா? இளகும். அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறான். அவன் மதுரைக்காரனா, ஊர் பேர் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறானா என்பதை யார் கண்டது?

ஸ்கிரிப்ட் என்றால் என்ன?

ஆன்லைன் கேசினோ என்பது செல்போனுக்குள் நடக்கும் சூதாட்டக் கிடங்கு. எண்கள் எழுதிய சக்கரம் சுழலும். அல்லது பகடை உருளும். அல்லது ஒரு சின்ன விமானம் மேலே மேலே பறக்கும். பணம் கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான்.

அந்தப் பொத்தானை மனிதனுக்குப் பதிலாக அழுத்தும் கட்டளைப் பட்டியலுக்குப் பெயர்தான் ஸ்கிரிப்ட். "ஜெயித்தால் 100 ரூபாய் கட்டு, தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் அப்படியே செய்யும். மாவு மில்லில் மோட்டார் ஓடுகிற மாதிரி. போட்ட தானியத்தைத்தான் அரைக்குமே தவிர, கம்பைப் போட்டுவிட்டு கோதுமை மாவு எதிர்பார்க்க முடியாது. ஆனால் விற்கிறவர்கள், இதற்குள் ஏதோ ரகசிய மூளை இருப்பதுபோல் "ஏ.ஐ." என்று ஒரு பட்டத்தையும் சூட்டிவிடுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருக்கும் சூத்திரம் ஒன்றே ஒன்று. தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு! இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது அல்ல. 18-ம் நூற்றாண்டிலேயே பிரான்ஸ் நாட்டுச் சூதாடிகளுக்குத் தெரிந்த வித்தை. "மார்ட்டிங்கேல்" என்று அதற்குப் பெயர். புதுப் புட்டியில் அடைத்த பழைய சாராயம்.

பேப்பரும் பென்சிலும் போதும்

கேட்பதற்கு இந்த வித்தை தோற்கவே முடியாததுபோல் இருக்கும். சிவப்பின்மேல் 100 ரூபாய் கட்டுகிறோம். தோற்றால் 200. அதில் ஜெயித்தால் முதலில் போன 100 போக, 100 ரூபாய் லாபம். அதிலும் தோற்றால் 400. என்றாவது ஒருமுறை சிவப்பு வரத்தானே வேண்டும்? வந்தவுடன் பழைய நஷ்டமெல்லாம் தீர்ந்து 100 ரூபாய் மிச்சம்.

சரி, தொடர்ந்து தோற்றால்? 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழே ஏழு ஆட்டம். கூட்டிப் பார்த்தால் 12,700 ரூபாய். ஒரு கடைச் சிப்பந்தியின் மாதச் சம்பளம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். எட்டாவது ஆட்டத்துக்கு 12,800 ரூபாய் வேண்டும். எதற்காக? அந்தப் பழைய 100 ரூபாய் லாபத்துக்காக!

ஏழு முறை தொடர்ந்து தோற்பது அவ்வளவு சுலபமா என்று கேட்கலாம். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, மிச்சம் ஒன்று பூஜ்யம். பூஜ்யம் வந்தால் சிவப்பில் கட்டியவனுக்கும் பணம் போச்சு, கறுப்பில் கட்டியவனுக்கும் போச்சு. ஆகவே சிவப்பில் கட்டியவன் தோற்கும் வழி 37-ல் 19. இந்தக் கணக்கின்படி ஏழு ஆட்டமும் வரிசையாகத் தோற்பது, சுமார் 106 சுற்றில் ஒரு சுற்று நடக்கும். (100 ரூபாயில் தொடங்கி, ஒரு வெற்றியோ ஏழு தோல்வியோ வரும்வரை போவது ஒரு சுற்று.)

அப்படியானால் மற்ற 105 சுற்றில் சுற்றுக்கு 100 வீதம் 10,500 ரூபாய் வரும். 106-வது சுற்றில் 12,700 ரூபாய் போகும். நிகரம், 2,200 ரூபாய் நஷ்டம். இது சராசரிதான். ஒருவனுக்கு முதல் நாளே விழலாம். இன்னொருவனுக்கு நாலு நாள் ஓடலாம். அந்த நாலு நாள் ஓடினவனைத்தான் வீடியோவில் காட்டுகிறார்கள்.

100 ரூபாய்க்குப் பதில் 10 ரூபாயில் ஆரம்பித்தால் தப்பிக்கலாமே என்பார்கள். தப்பிக்க முடியாது. விழும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இதற்குமேல், ஒரு ஆட்டத்தில் இவ்வளவுதான் கட்டலாம் என்று கேசினோக்காரன் உச்சவரம்பு வேறு வைத்திருக்கிறான். கையில் பணம் இருந்தாலும் இரட்டிப்பாக்க விடமாட்டான்.

கறுப்பு 26 தடவை!

1913-ம் வருஷம் ஆகஸ்ட் 18-ந் தேதி. உலகப் புகழ்பெற்ற மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகை. ஒரு மேஜையில் கறுப்பு வந்தது. மறுபடியும் கறுப்பு. மறுபடியும் கறுப்பு. பத்துத் தடவைக்குமேல் போனதும் கூட்டம் கூடிவிட்டது. "இத்தனை தடவை கறுப்பு வந்தாகிவிட்டது, இனி சிவப்புதான்" என்று கொண்டுவந்து கொட்டினார்கள். மறுபடியும் கறுப்பே வந்தது. வரிசையாக 26 தடவை!

அன்று போனது லட்சக்கணக்கான பிராங்க். நம்முடைய இரட்டிப்பு வித்தைக்காரன் அங்கே 100 ரூபாயில் தொடங்கிச் சிவப்பிலேயே கட்டியிருந்தால், 27-வது ஆட்டத்துக்கு மட்டும் 671 கோடி ரூபாய் வேண்டியிருந்திருக்கும்.

சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. போன தடவை என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது. நமக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. வினையும் அதில்தான் இருக்கிறது.

வேகம்தான் வினை

ஸ்கிரிப்ட் என்னதான் செய்கிறது என்றால், ஒரே ஒரு காரியத்தைச் செய்கிறது. வேகத்தைக் கூட்டுகிறது.

37-ல் ஒரு பங்கு, அதாவது 100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசு, சராசரியாகக் கேசினோவுக்குச் சேரும். கையால் நிமிஷத்துக்கு ஒருமுறை 100 ரூபாய் கட்டுகிறவன் மணிக்கு 6,000 ரூபாய் புரட்டுகிறான். சராசரி நஷ்டம் 162 ரூபாய். அதையே கம்ப்யூட்டர் 5 விநாடிக்கு ஒருமுறை கட்டினால் மணிக்கு 720 ஆட்டம், 72,000 ரூபாய் புரளுகிறது. நஷ்டம் சுமார் 1,946 ரூபாய். ஆட்டம் அதே ஆட்டம், சக்கரம் அதே சக்கரம்.

மேலே சொன்ன 106 சுற்று என்பது கிட்டத்தட்ட 216 ஆட்டம். இந்த வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் 18 நிமிஷம்! ஒரு மாதச் சம்பளம் போவதற்கு மண்டியில் ஒரு டீ குடித்து, பேப்பர் படித்து முடிக்கும் நேரம் போதும். கையால் ஆடுகிறவனுக்காவது நடுவில் பசி எடுக்கும், வீட்டிலிருந்து போன் வரும், "போதும்" என்று ஒரு நினைப்பு வரும். ஸ்கிரிப்டுக்கு அந்த நினைப்பும் இல்லை. ஆளோ தூங்கிக்கொண்டிருக்கிறார்.

ஓ.சி. சீட்டு முதல் இன்று வரை

இந்த ஆசை மண்டி மொஹல்லாவுக்குப் புதிதல்ல. கர்நாடகத்தில் "ஓ.சி." என்றால் மட்கா என்று வயதானவர்களுக்குத் தெரியும். ஓப்பன், குளோஸ் என்பதன் சுருக்கம் அது. பம்பாயில் நியூயார்க் பருத்திச் சந்தையின் விலைமீது பந்தயம் கட்டித் தொடங்கியது. 1961-ல் அந்த விலை நிலவரம் வருவது நின்றபின், பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். மட்கா என்றால் பானை. பம்பாய் மில் தொழிலாளியின் கூலிப் பணம் அந்தப் பானைக்குள்தான் போயிற்று.

அப்போதும் "இன்று எந்த எண் வரும்" என்று சார்ட் போட்டு விற்றவர்கள் உண்டு. பழைய எண்களை வரிசையாக எழுதி, குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்துக் காட்டுவார்கள். பானைக்குள் கை விட்டுச் சீட்டு எடுக்கிறவனுக்கு இந்தக் கோடெல்லாம் எங்கே தெரியப்போகிறது! ஆனாலும் சார்ட் விற்றது.

பிறகு லாட்டரி. தமிழ்நாட்டில் 1968-ல் அரசே பரிசுச்சீட்டு தொடங்கியது. 1975-ல் நிறுத்தியது. பின்னால் மீண்டும் வந்து, 2003-ல் லாட்டரி விற்பனைக்கே தடை வந்தது. கர்நாடகத்தில் தடை 2007-ல். ஏட்டளவில் கதை அத்தோடு முடிந்தது. தடைக்குத் தப்பிய ஆசை மட்டும் இப்போது செல்போனில் குடியேறியிருக்கிறது. சார்ட் விற்றவன் இருந்த இடத்தில் ஸ்கிரிப்ட் விற்கிறவன் உட்கார்ந்திருக்கிறான்.

ஜெயித்தவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் 1962-ல் ஒரு புத்தகமே எழுதினார். "பிளாக்ஜாக்" என்ற சீட்டாட்டத்தில், வெளியே வந்த சீட்டுகளை நினைவில் வைத்து, கட்டில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கணக்கிட்டு ஜெயிக்கலாம் என்று காட்டினார். கிளாட் ஷானன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1961-ல் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை உடம்பில் மறைத்துக்கொண்டு போய், சக்கரத்தில் பந்து எங்கே விழும் என்றும் பார்த்தார்.

ஆனால் அது நிஜமான சீட்டு. நிஜமான பந்து. கண்ணால் பார்த்து எடுக்கத் தகவல் இருந்தது. ஆன்லைன் கேசினோவின் சக்கரம் வெறும் படம். எண்ணை முடிவு செய்வது எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர். படத்தை எத்தனை மணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை.

2014-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் இன்னொரு சம்பவம் நடந்தது. ரஷ்யக் கும்பல் ஒன்று, பழைய மாடல் சூதாட்ட இயந்திரத்தைப் பிரித்து ஆராய்ந்து, எண் பிறக்கும் சூத்திரத்தையே கண்டுபிடித்துவிட்டது. ஆள் போய் இயந்திரத்தைச் செல்போனில் படமெடுப்பான். எப்போது பொத்தானை அழுத்துவது என்று போன் துடித்துச் சொல்லும். பிடிபட்டார்கள், சிறைக்கும் போனார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையாகவே சூத்திரம் தெரிந்த அந்தக் கும்பல் அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டது. 499 ரூபாய்க்கு ஊரெல்லாம் விற்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"ஏன் தம்பி, அவ்வளவு லாபம் வருமென்றால் அவனே ஆடிக்கொள்ளலாமே, உனக்கு எதற்கு விற்கிறான்?"

"நம்ம ஜனங்களும் முன்னேறட்டும்னு குடுக்கறார் சார்."

இதற்குமேல் என்ன சொல்வது!

விமானம் எப்போது விழும்?

இளைஞர்களை அதிகம் இழுப்பது "ஏவியேட்டர்" மாதிரியான விமான ஆட்டம். விமானம் ஏற ஏறக் கட்டிய பணம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று பெருகும். அது பறந்து மறைவதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும். மறைந்துவிட்டால் கட்டியது போச்சு. "விமானம் எப்போது மறையும் என்று முன்கூட்டியே சொல்லும் பிரெடிக்டர்" என்று ஓர் ஆப் தனியாக விற்பனையாகிறது.

அந்த ஆட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்தாலே இதன் சாயம் வெளுத்துவிடும். ஆட்டத்துக்கு முன்பே கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒரு ரகசிய எண்ணைப் பூட்டிவைக்கிறது. அந்தச் சுற்றில் முதலில் பணம் கட்டும் 3 பேரின் எண்களும் அதோடு சேருகின்றன. எல்லாம் சேர்ந்து அரைபட்டு முடிவு வருகிறது. அரைத்த மாவிலிருந்து முழுத் தானியத்தைத் திரும்ப எடுக்க முடியாததுபோல், வெளியே தெரியும் பூட்டிலிருந்து உள்ளே இருக்கும் எண்ணைக் கணக்கிட முடியாது. நம்முடைய பாங்குக் கணக்குகளைக் காப்பாற்றுவதும் இந்த மாதிரிப் பூட்டுதான். அதை உடைக்கத் தெரிந்தவன் விமான ஆட்டத்தில் ஏன் நேரத்தை வீணாக்கப்போகிறான்?

ஆபத்து அதோடு முடியவில்லை. இந்த ஆப்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோரில் கிடைக்காது. "ஏ.பி.கே." என்ற கோப்பாக அனுப்புவார்கள். போனில் ஏற்றும்போது குறுஞ்செய்தி படிக்கவும் திரையைப் பார்க்கவும் அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. எண் நமக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். சூதாட்டத்தில் ஒரு பைசா கட்டாதவன் பணமும் போகும் வழி இது.

"நானே பார்த்தேன் சார்!"

"அஞ்சு தடவை சொன்னான், அஞ்சும் சரியாக இருந்தது" என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. இது ஒரு பழைய தந்திரம்.

ஒருவன் 1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறான். பாதிப் பேருக்கு "சிவப்பு", பாதிப் பேருக்கு "கறுப்பு". எது வந்தாலும் 512 பேருக்குச் சரி. தப்பானவர்களை விட்டுவிட்டு அந்த 512 பேரை மறுபடி இரண்டாகப் பிரிக்கிறான். 256, 128, 64, 32. ஐந்தாவது தடவை முடிந்ததும், ஐந்தும் சரியாக வந்ததைக் கண்ணால் கண்ட 32 பேர் மிச்சம். அவர்களுக்கு அவன் தெய்வம். மற்ற 992 பேரைப்பற்றி இந்த 32 பேருக்குத் தெரியாது. இப்போது அவன் கட்டணம் கேட்கிறான்.

வீடியோவில் பணம் ஏறுவதாகக் காட்டுவதும் பெரிய வித்தை அல்ல. பழகிப் பார்க்க என்று பல கேசினோக்கள் பொய்ப் பணம் கொடுக்கின்றன. அதில் ஆடிப் படம் பிடித்தால் லட்சம் என்ன, கோடியே ஏறும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஸ்கிரிப்டோடு அவன் அனுப்பும் "லிங்க்". அதன் வழியாகத்தான் கேசினோவில் சேர வேண்டும் என்று வற்புறுத்துவான். காரணம் இருக்கிறது. தன் லிங்க் வழியாகச் சேர்ந்தவர்கள் தோற்கும் பணத்தில் ஒரு பங்கு கமிஷனாகக் கொடுப்பது ஆன்லைன் கேசினோத் தொழிலில் நெடுநாள் வழக்கம். நாம் ஜெயித்தால் அவனுக்கு ஒன்றுமில்லை. தோற்றால் பங்கு. வேகமாகத் தோற்றால் வேகமாகப் பங்கு. சில ஸ்கிரிப்டுகளை இலவசமாகவே அள்ளிக் கொடுப்பதன் ரகசியம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடக அரசு 2021-ல் போலீஸ் சட்டத்தைத் திருத்தி ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடுக்கப் பார்த்தது. அதன் முக்கியப் பிரிவுகளை 2022 பிப்ரவரி 14-ந் தேதி கர்நாடக ஐகோர்ட்டு ரத்து செய்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 2023-ல் வந்தது. அதே வருஷம் நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மி, போக்கர் இரண்டையும் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

பிறகு மத்திய அரசே இறங்கியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம், 2025 ஆகஸ்ட் 20-ல் லோக்சபையிலும், 21-ல் ராஜ்யசபையிலும் நிறைவேறி, 22-ல் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. ஆட்டம் நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவனுக்கு 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடித் தோற்றவனுக்குத் தண்டனை இல்லை. வருஷத்துக்குச் சுமார் 45 கோடிப் பேர் இந்த ஆட்டங்களில் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது அப்போது அரசு சொன்ன மதிப்பீடு.

ஆகவே, லிங்க் அனுப்பி ஆள் சேர்க்கும் அந்த "மதுரைக்காரர்" விளம்பரக் குற்றத்தில் மாட்டக்கூடியவர். அவர் பேச்சைக் கேட்டு, கமிஷனுக்காகத் தன் நண்பர்களுக்கு லிங்க் அனுப்பும் கடைப்பையனும் அதே வரிசையில் நிற்க நேரிடும். இதைப் பல பேர் யோசிப்பதில்லை.

இன்னொரு வலையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து நடக்கும் கேசினோக்களுக்கு இங்கே பணம் வாங்கிப் போடச் சாதாரண மனிதர்களின் பாங்குக் கணக்கு வேண்டும். "உங்கள் கணக்கைக் கொஞ்ச நாள் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று கேட்பார்கள். கொடுத்தால் ஒருநாள் கணக்கு முடக்கப்படும். சம்பளம் விழும் கணக்காக இருந்தால் ஊருக்கு மணியார்டர் மாதிரி அனுப்பும் பணமும் அதோடு நிற்கும். போலீஸ் விசாரணைக்குப் போய் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கன்னடத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நாடு முழுவதற்கும் இந்த ஒரே எண்தான். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் நடுவில் நிறுத்திவைக்க வழியுண்டு. மறுநாள் பார்க்கலாம், யாராவது கேலி செய்வார்கள் என்று தயங்கினால் அது கடந்துபோயிருக்கும். "நூறு சதவிகிதம் மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று பிறகு யாராவது கூப்பிட்டால், அதுவும் மோசடிக் கும்பலின் மறு அவதாரமே.

ஆட்டத்தை விட நினைத்தும் விட முடியாதவர்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் செல்போன், இன்டர்நெட் பழக்கத்துக்கென்றே "ஷட் கிளினிக்" என்ற தனிப் பிரிவு 2014 முதல் இருக்கிறது. மைசூரிலிருந்து ரயிலில் போனால் மூன்று மணி நேரத்துக்குள் பெங்களூர். போக முடியாதவர்கள் "டெலி மானஸ்" என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.